பொத்தானை அமுக்கினால் காற்று வந்தது

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு, நலமே என்று பதில் வாங்கிக்கொள்ளும் சடங்கை இந்த முறை நாம் இருவரும் விட்டுவிடலாம்.

உன் கடிதம் வந்தது. நீ வேலை செய்யும் நடுக்கடல் மேடையிலிருந்து சரக்குப் படகில் வந்து, கம்பெனி ஆபீசில் கிடந்து, ஒரு ஓரம் ஈரத்தில் ஊறிக் காய்ந்து வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு என்று நினைத்து அவளிடம் நீட்டினேன். உறையைப் பார்த்துவிட்டு, "உங்க பேருக்குத்தான் வந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். சின்னவன் போன பிறகு நீ எனக்கு எழுதும் முதல் கடிதம். கரைக்கு வரும் நாட்களில் அம்மாவுக்குப் போன் செய்கிறாய். நான் கையில் வாங்கினால் சிக்னல் போய்விடுகிறது. விவரம் தெரிந்த சிக்னல்.

கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. டைவர் வாயில் கடித்து மூச்சு விடும் ரெகுலேட்டர், ஆழம் போகப் போக வேலை செய்யாமல் போகுமா என்று கேட்டிருக்கிறாய். விசாரணை முடிந்து சின்னவனுடைய ரெகுலேட்டரை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறாய். அதைச் சோதித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் உனக்கு அனுப்பச் சொல்கிறாய். அவன் நின்ற ஆழத்தில் அதை வாயில் வைத்து மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாய். அந்த வரியை இரண்டாம் முறையும் படித்தேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

நீ கேட்டது ஒரு இன்ஜினியரிடம். இன்ஜினியராகவே பதில் சொல்கிறேன்.

சிலிண்டரில் இறுக்கி அடைத்த காற்றை நேரடியாக வாயில் விட்டால் நுரையீரல் கிழியும். சிலிண்டர் தலையில் மாட்டும் பகுதி அந்த அழுத்தத்தை ஒரு முறை குறைக்கிறது. வாயில் கடிக்கும் பகுதி மறுபடியும் குறைத்து, சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அழுத்தத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. பத்து மீட்டர் இறங்கினால் அதற்கேற்ப, நாற்பது இறங்கினால் அதற்கேற்ப. ஆழத்துக்குத் தகுந்தபடி மாறுவதற்கென்றே செய்த பொருள் ஆழத்தால் கெட்டுப்போகும் என்பது, மழையில் நனைந்தால் குடை கெட்டுப்போகும் என்பதைப் போல. உள்ளே மணல் சேர்ந்தால் கெடும். ரப்பர் வளையம் தேய்ந்தால் கெடும். கடுங்குளிர் நீரில் பனி பிடித்துக் கெடும். அப்போதும் பெரும்பாலும் மூடிக்கொள்ளாது, திறந்துகொண்டு காற்றைக் கொட்டும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே பதில், போகாது.

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கருவியில் தப்பில்லை என்றால் தப்பு அவனுடையது. விசாரணை அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. "கருவியில் குறையில்லை. டைவரின் பதற்றமே காரணம்." நிபுணர் என்று ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். நீ அவரைப் பார்க்கவில்லை, உன் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு உன்னை அனுப்பிவிட்டார்கள். வெள்ளை ஷூ போட்ட மனிதர். மேஜைமேல் ஒரு நிறைந்த சிலிண்டரை வைத்து, ரெகுலேட்டரை மாட்டி, தானே வாயில் வைத்து ஏசி அறையில் உட்கார்ந்தபடி நாலு மூச்சு விட்டார். பிறகு முன்பக்கத்துப் பொத்தானை அமுக்கினார். புஸ்ஸென்று காற்று வந்தது. "பாருங்க, சூப்பரா வேல செய்யுது" என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். மாமா என் காதில், "மாப்பிள்ளை, இந்தாளு பலூன் விக்கிறவனா?" என்றார். உங்கள் மாமா வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். நான் சிரிக்கவில்லை.

மாமாவைப் பற்றி எழுதியதால் இதையும் எழுதிவிடுகிறேன். அவனை அந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போனது யார் என்று நான் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்துக் கேட்டேன். மாமா அதை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறார். போன வாரமும் வந்து, "ஒரு வார்த்தய வாபஸ் வாங்கினா நீங்க என்ன கொறஞ்சா போயிடுவீங்க?" என்றார். என் கல்யாணத்தில் என் அப்பாவுக்கு நாற்காலி போடாமல் நிற்கவைத்த மனிதர் எனக்கு மரியாதை சொல்லித்தருகிறார். சொன்னதைச் சொல்லவில்லை என்று மாற்றிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அவன் படித்து முடித்துவிட்டு என்னுடன் பாய்லர் பரிசோதனைக்கு வருவதாக இருந்தான். நீ லீவில் வந்து, தண்ணீருக்கடியில் எடுத்த போட்டோக்களைக் காட்டினாய். அவ்வளவுதான்.

அம்மா வேலைக்குப் போகிறாள். ஆனால் எக்ஸ்ரே அறையில் இல்லை. அங்கே நாள் முழுக்க, "மூச்ச இழுங்க, அப்படியே நிறுத்துங்க, ம், விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அல்லவா. இப்போது இழுங்க என்கிறாள், உடனே விடுங்க என்கிறாள். நடுவில் உள்ளதைச் சொல்ல வரவில்லை. படமெல்லாம் கலங்கி வருகிறது என்று டாக்டர்கள் புகார் செய்து, அவளை வரவேற்பு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. கூட வேலை செய்யும் நர்ஸ் சொன்னாள். நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் மூன்றாவது முறையாக நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேல் வீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறார். அது குரைப்பதில்லை. அதனால் அவருக்கும் எனக்கும் சண்டை போட விஷயமில்லாமல் போய்விட்டது.

ரெகுலேட்டரைச் சோதிக்கிறேன். நன்றாக இருந்தால் அனுப்பியும் வைக்கிறேன். உன் தொழில், உன் உயிர். இரண்டைப் பற்றியும் என் அபிப்பிராயத்தை நீ எப்போது கேட்டாய்?

இப்படிக்கு,
அப்பா


அன்புள்ள பெரியவளுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். சோதனை முடிந்துவிட்டது.

இதற்காக நான் கல்லூரிக்குப் போனேன். அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று வேலையை விட்ட அன்றைக்குச் சொல்லிவிட்டு வந்தவன். நம் வீட்டில் 'மேற்படி' என்று அழைக்கப்படும் ஆள்தான் இன்னமும் துறைத்தலைவர். என்னிடம் பாடம் படித்து, எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தவர். வாய்க்கு வாய் மேற்படி, மேற்படி என்பார் என்று நீயும் சின்னவனும் சாப்பிடும்போது அவரைப் போலப் பேசிக் காட்டுவீர்கள். "மேற்படி சாம்பாரில் மேற்படி உப்பு இல்லை" என்பான் அவன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க சார். ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேன்" என்றார். காப்பி வரவழைத்தார். குடித்தேன். துக்கம் விசாரிக்கப் போகிறார் என்று தெரிந்து, அதற்குள் பையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "லேப் சாவி எடுத்துட்டு வரேன் சார்" என்றார். என்ன, ஏது என்று ஒரு கேள்வி இல்லை. அந்த ஒன்றுக்காக அவர்மேல் இருக்கும் கோபத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். முழுதாக இல்லை.

தண்ணீருக்கடியில் வைக்கும் கருவிகள் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்க அங்கே பெரிய இரும்புப் பானை ஒன்று உண்டு. அதை வாங்கச் சொல்லி வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது நான். வந்தபோது ரிப்பன் வெட்டியது மேற்படி. ரெகுலேட்டரைப் பானைக்குள் தண்ணீரில் வைத்தோம். மனித மார்புக்குப் பதிலாக ஒரு பிஸ்டன் பம்பை வெளியே வைத்து, அதன் குழாயை வாய்த்துண்டில் பொருத்தினோம். பம்பு மூச்சு இழுப்பதைப் போல இழுக்கும், விடும். இழுக்க எவ்வளவு பாடுபடுகிறது என்று ஒரு முள் காட்டும். பொத்தானை வெளியிலிருந்தே அமுக்க, மூடியில் ஒரு கம்பியை இறக்கினோம்.

பானையில் அழுத்தமே இல்லாதபோது முள் அசையவில்லை. வெள்ளை ஷூ பார்த்தது இதைத்தான். பிறகு அவன் நின்ற நாற்பது மீட்டருக்கு உரிய அழுத்தம் கொடுத்து, நிதானமான மூச்சில் ஓட்டினோம். முள் கொஞ்சம் நகர்ந்தது. நிறைந்த சிலிண்டர்தான். மேற்படி, "பர்ஃபெக்ட் சார்" என்று சொல்லி வால்வை மூடக் கை வைத்தார்.

நான் நிறுத்தச் சொன்னேன். உன் வாக்குமூலம் எனக்கு மனப்பாடம். அணையின் தண்ணீர் போகும் வாயில் கம்பித் தடுப்பு. அதில் கயிறும் மரமும் சிக்கி இறுகிக் கிடந்தன. அவன் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். நீ விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாய். ரம்பம் போடுகிறவன் நிதானமாக மூச்சு விடுவானா? அவன் சிலிண்டரும் அப்போது பாதிக்குக் கீழே வந்திருந்தது. அளவுமானியில் நீயே பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாய்.

சிலிண்டரைப் பாதிக்குக் கீழே இறக்கினோம். பம்பின் வேகத்தை ஏற்றினோம்.

முள் ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் எகிறிப் போய் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பம்பு இழுக்கிறது, காற்று வருகிறது, ஆனால் கேட்டது வரவில்லை. பம்பு இரும்பு என்பதால் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. மேற்படி கையைப் பிசைந்துகொண்டு, "சார், போதும் சார்" என்றார். நான் கம்பியைப் பிடித்துப் பொத்தானை அமுக்கினேன். புஸ்ஸென்று காற்று கொட்டியது. விட்டேன். முள் மறுபடியும் ஓரத்துக்குப் போய் முட்டியது. திரும்பவும் அமுக்கினேன். திரும்பவும் கொட்டியது.

ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்த்தேன். மணல் இல்லை, தேய்மானம் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய, எளிய வகை. சிலிண்டர் காலியாக ஆக இந்த வகை கொடுப்பதும் குறையும். நீச்சல் குளத்தில் புதியவர்களுக்குப் பழக்கிக்காட்ட வாங்கியது. நல்ல செட்டெல்லாம் சர்வீசுக்குப் போயிருந்ததால் உங்கள் பழைய கம்பெனிக்காரன் இதை எடுத்துக் கொடுத்து அணைக்கு அனுப்பியிருக்கிறான். அந்த ஆழத்தில் காற்று மேலே இருப்பதைவிட ஐந்து மடங்கு கனம். அந்தக் கனத்தை அந்த வேகத்தில் அள்ளிக் கொடுக்க இதற்குத் திராணி இல்லை. பொத்தானை அமுக்கினால் விரலின் பலம் வால்வை முழுக்கத் திறந்துவிடும். மூச்சுக்கு அந்தப் பலம் கிடையாது. மார்பு இழுத்து எவ்வளவு திறக்குமோ அவ்வளவுதான். அதனால் பொத்தான் சொல்வது ஒன்று, மூச்சு சொல்வது ஒன்று.

கெட்டுப்போகுமா என்று கேட்டாய், போகாது என்று எழுதினேன். கெட்டுப்போகவில்லை. போதவில்லை.

அப்படி இழுத்தும் போதாமல் இருந்தால் உள்ளே இருக்கும் கெட்ட காற்று வெளியேறாமல் தங்கும். அது தங்கத் தங்க உடம்பு இன்னும் காற்று கேட்கும். பிறகு புத்தி சொல்வது எதுவும் காதில் ஏறாது. வாயில் இருப்பதே கழுத்தைப் பிடிப்பதாகத் தோன்றும். பயந்தாங்கொள்ளிக்கு மட்டும் அப்படித் தோன்றுவதில்லை. யாருக்கும் தோன்றும். நீ உன் மாற்று வாய்த்துண்டை நீட்டியும் அவன் பார்க்காமல் மேலே பாய்ந்தது அதனால்தான். அந்த ஆழத்திலிருந்து அப்படி ஒரேயடியாக மேலே வந்தால் நுரையீரல் தாங்காது என்பது உனக்கே தெரியும்.

அவன் கழுத்தை அறுப்பதைப் போலக் கையைக் குறுக்கே இழுத்துக் காட்டினான், காற்று இல்லை என்று. அது உண்மை. நீ அளவுமானியைப் பார்த்தாய், பொத்தானை அமுக்கினாய், காற்று வந்தது, சரியாக இருக்கிறது என்று சைகை காட்டினாய். அதுவும் உண்மை. அவன் மறுபடியும் காட்டினான். நீ மெதுவாக, மெதுவாக என்று காட்டினாய்.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நாலு நாளாக எழுதிக் கிழித்தேன். உனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அம்மா, "அவ கேட்டது உங்ககிட்ட. நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அறிக்கையில் பதற்றம் என்று போட்ட இடத்தில் இதைப் போடச் சொல்லி அதிகாரிக்கு எழுதப் போகிறேன். மேற்படியும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

ரெகுலேட்டரை அனுப்பவில்லை. இனி அது யார் வாய்க்கும் போகாது.

பிளம்பர் வந்தார். வேறு குழாயைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிக்கு,
அப்பா


பெரியவளுக்கு,

இந்த உறையில் இரண்டு கடிதம் இருக்கும். இதை முதலில் படி. மற்றதைப் பிறகு, படகில் உட்கார்ந்து படி.

நான் இப்போது உங்கள் படகுத்துறையில் இருக்கிறேன். ஆபீஸ் கிளார்க்கிடம் தாள் வாங்கி, அவர் மேஜையின் ஓரத்தில் வைத்து எழுதுகிறேன். நேற்று கடலில் இருந்தே, இங்கிருந்து நாங்கள் கூப்பிட முடியாத கம்பெனி போனில் அம்மாவிடம், "அதே மாதிரி பழைய செட் ஒண்ணு இங்க ஸ்டோர்லயே கெடக்குதும்மா. நாளன்னைக்கு நாப்பத்தஞ்சு மீட்டர்ல வேல. அப்பா அனுப்பலன்னா பரவால்ல, நான் இதையே வெச்சுப் பாத்துக்கறேன்" என்று சொன்னாயாம். ஏதோ செருப்பு மாற்றிப் போடுவதைப் போலச் சொன்னாய் என்றாள். அவள் கேட்டதற்கு, அப்பாதான் ரெகுலேட்டர் கெடாது என்று எழுதியிருக்கிறாரே என்றும் சொன்னாயாம். சோதனையில் தெரிந்ததை நான்தான் சொல்ல வேண்டும் என்று அவள் உன்னிடம் சொல்லவில்லை. பிறகு என் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "கெளம்புங்க" என்றாள். ராத்திரி பஸ்சில் வந்தேன்.

இங்கே வந்தால், என் இரண்டாவது கடிதம் ஆபீஸ் பெட்டியிலேயே கிடக்கிறது. கடல் சரியில்லை என்று படகு போகவில்லையாம். கிளார்க் அதை எடுத்துக் காட்டி, "எங்கயும் போகல சார், பத்திரமா இருக்கு" என்றார். பத்திரமாகத்தான் இருந்தது. உன்னிடம் இருப்பது முதல் கடிதம் மட்டும். அதில் நான் எழுதிய பதிலை வைத்துக்கொண்டு நீ நாளைக்கு இறங்கப் போகிறாய்.

என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். "ஆள ஏத்த பர்மிஷன் இல்ல சார், சாமான் மட்டும்தான்" என்றார் கிளார்க். சாமான் என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்தார், ஏற்றவில்லை. ஆனால் வயர்லெஸ்ஸில் உன்னைக் கூப்பிடச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா வந்திருக்கிறார், கீழே போகவேண்டாம் என்கிறார் என்று சொன்னார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அந்தப் பக்கத்து ஆள், "மேடம்கிட்ட சொல்லிட்டேன். அப்பா மொதல்லயே பதில் சொல்லிட்டாரு, அது போதும்னு சொல்லச் சொன்னாங்க" என்றான். கிளார்க் என் முகத்தைப் பார்க்காமல் ஒலிவாங்கியை வைத்தார். அந்தப் பதில் தப்பு என்று ஊர் கேட்க வயர்லெஸ்ஸில் கத்தியிருப்பேன். "அது எமர்ஜென்சி லைன் சார், இதுக்குமேல பேசக் கூடாது" என்றுவிட்டார். படகு இப்போது போகிறது. எஞ்சின் டிரைவர் இதை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார், கையெல்லாம் கிரீஸ். உறையில் கறை இருந்தால் அவரைத் திட்டாதே.

என் பதில் போதாது. முதல் கடிதத்தைக் கிழித்துப் போடு. அந்தச் செட்டை வாயில் வைத்து நீ தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சம் இல்லை. அவன் என்ன பட்டான் என்று நான் பார்த்துவிட்டேன். பானைக்கு வெளியே நின்று, முள் முட்டுவதை முழுக்கப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு ஒருவர் பார்த்தால் போதும்.

நீ இறங்க நினைப்பது அதைத் தெரிந்துகொள்ள மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாய். அதனால் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். பொத்தானை அமுக்கிப் பார் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கு முன்னால் இறங்கியவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். நிபுணன் என்று வந்தவனும் அதையேதான் பார்த்தான். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால், இத்தனை வருஷம் அழுத்தம் பற்றிப் பாடம் எடுத்தவன், நானும் அமுக்கியிருப்பேன். காற்று வந்ததும் சரி என்றுதான் கை காட்டியிருப்பேன்.

அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் கேட்டதற்கு நீ இத்தனை மாதமாகப் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம். இனி யாரும் கேட்கமாட்டார்கள். நானும்.

படகு சாமானை இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பும் என்கிறார்கள். திரும்பும்போது ஆள் ஏற்றலாமாம், கிளார்க்கிடம் கேட்டுவிட்டேன். அதில் ஏறி வா. வேலையை வேறு யாராவது பார்க்கட்டும், அல்லது பார்க்காமல் கிடக்கட்டும். உன் மேலதிகாரி ஏதாவது சொன்னால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். பொய் இல்லை.

நான் இங்கேயே இருக்கிறேன். துறையின் முனையில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. வெயில்தான், குடை வைத்திருக்கிறேன். இந்தப் படகில் வராவிட்டால் அடுத்த படகுக்கும் இருப்பேன். கிளார்க்குக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. அவரோடும் பகையாகிவிட்டால் எனக்கு ஒன்றும் புதிதில்லை.

வந்து என்னிடம் பேச வேண்டும் என்று இல்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்காதே. இறங்கி நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நட. உன் பையை மட்டும் படகிலேயே விட்டுவிடு. அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் வருகிறேன்.

நன்றாக இரு.

அப்பா